மேல்மடிப்பில் ஒரு வெள்ளிப் பின்

“ரெண்டு மடிப்பையும் சேர்த்துக் குத்தலைன்னா, இந்த ஊக்கு எதைப்பா பிடிச்சுக்கிட்டிருக்கு?” என்று, முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக மடியும் ஸ்காட்லாந்துப் பாவாடையான அப்பாவின் கில்ட்டைக் காட்டி, சின்ன வயதில் மகள் கேட்டாள். “எதையும் இல்லம்மா, சும்மா அழகுக்கு” என்று அப்பா டார்க்கில் சிரித்தார். இன்று அவர் கில்ட் உடுத்திச் சவப்பெட்டியில் கிடக்கிறார். ஜன்னலில் மழை வழிகிறது. சாம்பல் வெளிச்சம் அவருடைய முழங்கால்களில் படிந்திருக்கிறது. மனைவி எஃபி அதே ஊக்கை இரண்டு மடிப்பையும் சேர்த்துக் குத்துகிறாள். “மேல்மடிப்புல மட்டும் குத்து எஃபி. நடக்கும்போது துணி இழுத்துக் கிழிஞ்சிடும்” என்கிறார் நண்பர் ரானல்ட். “இனிமே எங்க நடக்கப்போறாரு? வெள்ளிப் பின் ஒண்ணு இருந்துச்சாம். நான் வர்றதுக்கு முன்னாடியே தொலைச்சிட்டாராம், கெட்டிக்காரரு. பார்த்தது போதும், நீயே மூடிடு.” அவள் வெளியே போகிறாள். அவளுடைய விசும்பல் நடைவழியில் தேய்ந்து மறைகிறது. ரானல்டின் கல்யாணத்தன்று, வெள்ளிப் பின் வாங்கக் காசில்லாமல் கூசி நின்ற அவருக்கு டார்க்கில் தன் கில்ட்டிலிருந்து கழற்றிக் குத்திவிட்ட அந்தப் பின், ரானல்டின் கில்ட்டில் இன்னும் இருக்கிறது. அதைக் கழற்றுகிறார். எஃபி குத்திய ஊக்கையும் எடுத்துவிடுகிறார். வெள்ளிப் பின்னை நண்பரின் மேல்மடிப்பில் மட்டும் குத்துகிறார். ஊக்கைத் தன் கில்ட்டில் மாட்டிக்கொண்டு, பெட்டியை மூடுகிறார்.