சில்லுக்கடியில் தேசிக்காய்

மருதனார்மடத்துப் புதுக் கராச்சின் வாசலில், கனகலிங்கம் சில்லுப் பூட்டிய இரும்புக் கருவிப்பெட்டி காலை வெயிலில் மினுங்குகிறது. ஆறு வருடமாக அவன் சேர்த்த கருவிகள் அத்தனையும் அதற்குள். புது லொறிக்கு வைப்பதுபோல நாலு சில்லுக்கும் முன்னால் தேசிக்காய் வைத்துவிட்டு, பெட்டியை இழுக்கக் குனிகிறான். "பொறுங்கோ," என்கிறாள் மனைவி பத்மாசினி. "தேசிக்காய் சில்லைவிடப் பெரிசு. பெட்டி தடக்கி உங்களுக்கு மேலைதான் விழும்." "அப்ப கண்ணூறு கழியவேண்டாமே?" "தேசிக்காய் நசிஞ்சால் சரிதானே." மேல் லாச்சியில் கிடந்த சம்மட்டிகளை அவள் அடி லாச்சிக்கு மாற்றுகிறாள், லாச்சிகள் திறவாதபடி கயிறு சுற்றுகிறாள். தேசிக்காய்களை மெல்லிய வில்லைகளாக வெட்டிச் சீமெந்தில் பரப்புகிறாள். "இழுக்காதேங்கோ. பின்னாலை நிண்டு தள்ளுங்கோ." பெட்டி ஆடாமல் உள்ளே உருள்கிறது. ஒரு ஸ்பானர்கூடக் கிலுங்கவில்லை. கனகலிங்கம் சில்லைத் தொட்டு விரலை மணந்து பார்க்கிறான். "ஓம், நசிஞ்சிட்டுது."