மேல் வீட்டுச் சண்டை

“முதல்ல கையைக் கழுவிட்டு வா. அப்புறம் பேசு!” என்றார் அப்பா.

பிசைந்துகொண்டிருந்த மாவைப் பாத்திரத்தில் அப்படியே விட்டுவிட்டு, மகள் குழாயில் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அந்த வீட்டில் அது எழுதாத சட்டம். கையில் வேலையை வைத்துக்கொண்டு யாரும் முக்கியமான விஷயம் பேசக் கூடாது.

“இப்ப சொல்றேன். எனக்குக் காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு. உயிரியல் பட்டப்படிப்பு. நாளைக்குப் போய்ச் சேரலேன்னா இடம் வேற ஆளுக்குப் போயிடும்.”

“எந்த மொழியில நடத்துவாங்க?”

“அவங்க மொழியிலதான்.”

“அது உனக்கு ரெண்டாவது மொழி. ஞாபகம் இருக்கில்ல?”

“இருக்கு.”

“தெரிஞ்சே கிணத்துல குதிக்கிறியா?” அப்பா டீ கிளாஸை மேஜையில் வைத்தார். கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் ஏதாவது ஒரு நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். அன்றைக்கு நீலம். “நம்ம மொழியில நடத்துற டிப்ளமோ பக்கத்துலேயே இருக்கு. உன் கூட்டாளிங்க எல்லாம் அங்கேதான் சேர்றாங்க. ராணி மாதிரி போயிட்டு ராணி மாதிரி வரலாம்.”

“அங்கே படம் வரையத்தான் சொல்லித் தர்றாங்க. எனக்குச் செடி, பூச்சி, கிருமின்னாதான் உசுரு. அதை நம்ம மொழியில நடத்துற காலேஜ் எங்கேயாவது இருந்தா காட்டுங்கப்பா. இப்பவே மூட்டையைக் கட்டறேன்.”

மகள் மடக்கிவிட்டால் உலகத்து அப்பாக்கள் என்ன செய்வார்களோ அதையே அப்பாவும் செய்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அம்மா காலால் தரையை ஓங்கித் தட்டினாள். அவர் திரும்பினார்.

“பொண்ணு பேசிட்டிருக்கா. மூஞ்சியைத் திருப்பினா என்ன அர்த்தம்?” மடித்துக்கொண்டிருந்த துணியை ஒதுக்கித் தள்ளிவிட்டு அம்மாவும் களத்தில் இறங்கிவிட்டாள்.

“நான் பட்ட பாடு உனக்குத் தெரியாதா? நானும் அந்த மொழியில படிக்கப் போனவன்தானே! முதல் பெஞ்சுலதான் உட்கார்ந்தேன். வாத்தியார் போர்டுப் பக்கம் திரும்பினா போதும், எனக்குப் பாடம் போச்சு. பக்கத்துல இருக்கறவன் சிரிச்சா நானும் சிரிப்பேன். எதுக்குச் சிரிக்கிறோம்னே தெரியாது. ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுப் பார்த்துட்டு பெயின்ட் டப்பாவைத் தூக்கிட்டேன். என் பொண்ணும் அந்த முட்டாள் சிரிப்பைச் சிரிக்கணுமா?”

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அவள் அவருடைய மகள் அல்லவா! விடுவாளா?

“நீங்க புரியலேன்னு சொல்ல வெட்கப்பட்டீங்க. நான் வெட்கப்பட மாட்டேன். சிரிப்புக்கே விளக்கம் சொல்ல வைப்பேன்.”

“நாலு பேர் ஒரே நேரத்துல பேசினா?”

“நீங்களும் அம்மாவும் ஒரே நேரத்துல பேசறதைச் சமாளிச்சு வளர்ந்தவப்பா நான்!”

அம்மா சிரித்துவிட்டாள். அப்பாவுக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்துவிட்டதே என்று கோபமும் வந்தது. எழுந்து போய்ப் பட்டென்று விளக்கை அணைத்தார். எந்தச் சண்டையிலும் அவருடைய கடைசி ஆயுதம் அதுதான்.

அம்மா மறுபடி விளக்கைப் போட்டாள். “விளக்கை அணைச்சா பேச்சை நிறுத்திடலாம்னு நினைப்பு! பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போதும் இப்படித்தான் முட்டுக்கட்டை போட்டீங்க. அங்கே இவ முதல் பரிசு வாங்கினப்போ என்ன பண்ணீங்க? ஊரே உட்கார்ந்து கை தட்டிச்சு. நீங்க மட்டும் எழுந்து நின்னு ரெண்டு கையையும் தலைக்கு மேல ஆட்டிக்கிட்டு நின்னீங்களே!”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் பெருமை.

“நாளைக்கு நானும் வர்றேன். முதல் பெஞ்சுல இடம் பிடிச்சுக் கொடுத்துட்டு வந்துடறேன்.”

“ஐயோ அப்பா! அது காலேஜ், பஸ் இல்ல!”

“ஆனா ஒண்ணு. அங்கே போய் நம்ம மொழியை மறந்தே, தொலைச்சுப்புடுவேன்.”

“மறக்கறதா? அந்த வகுப்பையே நம்ம மொழி பேச வெச்சுட்டுத்தான் திரும்பி வருவேன்.”

அதற்குமேல் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். மகளை இழுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கி, கீழே புதிதாகக் குடிவந்தவர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

கதவு திறந்ததும் மகள் முந்திக்கொண்டாள். அவர் மொழியில், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: “எனக்குக் காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு சார். அப்பாவுக்குத் தலைகால் புரியல. மேலே நாங்க போட்ட சண்டை உங்களுக்குத் தொந்தரவா இருந்தா மன்னிச்சுக்குங்க.”

“ரொம்ப சந்தோஷம்மா! ஆனா சண்டையா? யாரோ ஒரு தடவை தரையைத் தட்டினாங்க. அதைத் தவிர ஒரு சத்தமும் வரலையே!” என்றார் அவர் குழப்பத்தோடு.

அப்பா மகளின் தோளைத் தட்டினார். “என்ன சொல்றார்?”

கீழ் வீட்டுக்காரரின் உதட்டசைவை ஒரு வார்த்தை விடாமல் படித்து முடித்திருந்த மகள், தன்னைப் போலவே காது கேளாத அப்பாவின் பக்கம் திரும்பி, பிறந்ததிலிருந்து பேசிவரும் விரல் மொழியில் சொன்னாள்: “நாம ரொம்ப அமைதியான குடும்பமாம்ப்பா!”