வளர்ந்துவிட்ட இறந்தகாலம்

காலத்தை வென்றவன் மனித வரலாற்றில் இதுவரை ஒருவன்கூடக் கிடையாது. அந்தக் குறை இன்றோடு தீர்ந்தது என்று, காலையில் படப்பிடிப்புத் தளத்துக்குள் நுழையும்போதே இயக்குநர் அறிவித்தார்.

எல்லோரும் கைதட்டினார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள் வேறென்ன செய்வார்கள்?

குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடர். பிரிந்துபோன தன் குடும்பத்தை ஒட்டவைக்க ஒரு சிறுமி கால இயந்திரத்தில் ஏறிப் பின்னோக்கிப் போகிறாள். கடைசிக் காட்சியில், சின்ன வயதுத் தன்னையே சந்திக்கிறாள். தலையைத் தடவி, "பயப்படாதே, ஒருநாள் நீ என் உயரத்துக்கு வளர்ந்துடுவே" என்கிறாள். அந்த வசனத்தை எழுதும்போது தானே தேம்பித் தேம்பி அழுததாக, கேட்ட பேட்டியிலும் கேட்காத பேட்டியிலும் இயக்குநர் சொல்லியிருக்கிறார்.

பெரியவளாக நடிப்பது அக்கா. சின்னவளாக அவளுடைய கூடப்பிறந்த தங்கை. ஒரே மூக்கு, ஒரே கன்னக்குழி. இதைவிடப் பொருத்தம் பார்க்கக் கடவுளாலும் முடியாது என்றார் இயக்குநர்.

கடவுள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கால இயந்திரத்தின் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று முடிவெடுப்பதற்கே ஒரு கோடைவிடுமுறை போயிற்று. அப்புறம் பட்ஜெட் தகராறு. அப்புறம் இயந்திரத்தின் நீலம் போதுமான அளவு தத்துவார்த்தமாக இல்லை என்று மறுபடி பெயின்ட். ஒருவழியாகக் கடைசிக் காட்சிக்கு எல்லோரும் வந்து சேர்ந்தபோது, தங்கை அக்காவைவிட இரண்டு விரற்கடை உயர்ந்து நின்றாள்.

இறந்தகாலம் எதிர்காலத்தைக் குனிந்து பார்த்தது.

அக்கா இயந்திரத்திலிருந்து இறங்கி நடந்து வந்தாள். கையை எட்டித் தங்கையின் தலையைத் தடவினாள். "பயப்படாதே, ஒருநாள் நீ என் உயரத்துக்கு வளர்ந்துடுவே" என்றாள்.

"அதுக்கு அவ தேயணுமே பாப்பா!" என்றார் மேலே விளக்கோடு உட்கார்ந்திருந்தவர்.

யார் யார் சிரித்தார்கள் என்று சொல்வதைவிட, சிரிக்காதவர்களைச் சொல்லிவிடலாம். அக்கா. பெண்களின் அம்மா. இயக்குநர்.

தங்கையை முழங்காலை மடக்கி நிற்கச் சொன்னார்கள். வயிற்றுவலி வந்தவள் மாதிரி நின்றாள். அக்காவைப் பெட்டிமேல் ஏற்றினார்கள். நடந்துவருகிற காட்சி, பெட்டி நடக்காது. வழிநெடுகப் பலகை போட்டார்கள். எதிர்காலம் எடுத்துவைத்த ஒவ்வோர் அடிக்கும் பலகை கிறீச்சிட்டது. ஒவ்வொரு கிறீச்சுக்கும் ஒரு சிரிப்பு கிளம்பியது. குதிகால் உயர்ந்த செருப்பைக் கொண்டுவந்தார்கள். போன காட்சியில் அவள் போட்டிருந்தது தட்டையான வெள்ளி பூட்ஸ் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அக்கா அழவில்லை. அதைவிட மோசம், ஒன்றுமே நடக்காதது மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் வேணும்னு வளரலக்கா" என்று கிசுகிசுத்தாள் தங்கை.

"போடி, நெட்டக்கொக்கு."

சேனலிலிருந்து வந்திருந்த மேலாளர் இயக்குநரை ஓரமாகக் கூப்பிட்டார். அந்த ஓரம் அக்காவின் காதுக்கு எட்டுகிற ஓரம்தான்.

"பெரியவளைக் கழட்டி விட்ருங்க சார். சின்னவளே ரெண்டு வேஷமும் போடட்டும், கம்ப்யூட்டர்ல ஒட்டிக்கலாம். இன்னிக்கு முடிச்சாகணும்."

இயக்குநர் தொண்டையைச் செருமினார். உடனே ஆளாளுக்கு உட்கார இடம் தேடினார்கள். அவர் செருமினால் அடுத்து வருவது சொற்பொழிவு என்பது பட்டுத் தெரிந்த பாடம்.

சொற்பொழிவு வரவில்லை. அவர் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வரிசையில், உயரப்படி நிற்கச் சொன்னதும், யாரும் தள்ளாமலே முன்னால் போய் நின்றுகொள்கிற பிள்ளையின் முகம்.

"எல்லாரும் போய் டீ குடிச்சுட்டு வாங்க. அம்மா, நீங்க மட்டும் பெரியவளோட இருங்க."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே நடந்ததை அவர் இன்றுவரை எந்தப் பேட்டியிலும் சொன்னதில்லை.

எல்லோரும் திரும்பி வந்தபோது இயக்குநர் தன் நாற்காலியில், மடிநிறைய வசனத்தாள்களோடு உட்கார்ந்திருந்தார். "ஆக்‌ஷன்" என்றார்.

இயந்திரத்தின் கதவு திறந்தது. அதே வெள்ளி பூட்ஸ். அக்கா மெதுவாக, கவனமாக, ராணி மாதிரி நடந்து வந்தாள். தங்கை நிமிர்ந்து பார்த்தாள். வாய் தானாகப் பிளந்தது. இந்த முகபாவத்துக்காகத்தான் இயக்குநர் இத்தனை மாதமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"பயப்படாதே. ஒருநாள் நீ என் உயரத்துக்கு வளர்ந்துடுவே."

ஒருவரும் சிரிக்கவில்லை. மேலே விளக்கோடு இருந்தவர் மூக்கை உறிஞ்சினார்.

"கட்!"

இந்தமுறை கைதட்டல் சம்பளத்துக்காக இல்லை. மேலாளர் ஓடிவந்து கை கொடுத்தார். "எப்படி சார் இது?"

"காலத்தையே வளைக்கத் தெரிஞ்சவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றார் இயக்குநர், உட்கார்ந்தபடியே.

கடைசி நாள் என்பதால் குழுவோடு புகைப்படம் எடுக்க ஏற்பாடாயிற்று. எல்லோரும் வரிசையாக நின்றார்கள். "சார், நீங்க நடுவுல வந்து நில்லுங்க" என்று கூப்பிட்டார் மேலாளர். படைப்பாளி வரலாற்றில் அமர்ந்த கோலத்தில்தான் இடம்பெற வேண்டும் என்றார் இயக்குநர். அவரை நாற்காலியோடு தூக்கி நடுவில் வைத்தார்கள். பக்கத்தில் அக்கா, தலையை நிமிர்த்தி, நாற்காலியின் முதுகில் கை வைத்து நின்றாள்.

படம் எடுத்து முடிந்தது. விளக்குகளை இறக்கினார்கள். கால இயந்திரத்தைத் துண்டு துண்டாகக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். இயக்குநர் நாற்காலியை விட்டு அசையவில்லை. ஒரு சகாப்தம் முடிந்த துயரத்தில் மனிதர் உறைந்துபோய்விட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

அவருடைய ஷூவுக்குள் எப்போதும் இருக்கும் தடித்த குதிகால் மெத்தைகள் இரண்டும் அக்காவின் பூட்ஸுக்குள் இருந்தன. எழுந்து நின்றால் அவர் அவளைவிடக் குள்ளம்.