தொடங்கட்டா நானா?

"மற்றதெல்லாம் கிடக்கட்டும் புள்ள, அந்தத் தொ-தொ-தொவை மட்டும் இன்னொருக்காச் சொல்லு," என்றான் நஸ்ரி.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் நின்ற நிரோஜினி, நஸ்ரிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த தாய் கமலேஸ்வரியைப் பார்த்தாள்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வழியில், புடவைக் கடையொன்றின் மேல்மாடியில் நஸ்ரியின் ஸ்டூடியோ இருந்தது. இளசுகளைப் பாடவைத்து அவன் போடும் பாட்டுகளுக்குத் தலையும் இருக்காது, காலும் இருக்காது. ஆனால் போன் இருக்கிற வீடெல்லாம் போய்ச் சேர்ந்துவிடும்.

போன மாதம் நிரோஜினி பாடியது கணவாய் மீன் கறிப் பாட்டு. பாடுவதற்கு முன், முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அழைப்பதுபோல நஸ்ரியை நானா என்று கூப்பிட்டு, "தொ-தொ-தொடங்கட்டா நானா?" என்று அவள் கேட்டது பதிவாகிவிட்டது. பெட்டைக்கு என்ன பகிடி, என்ன விளையாட்டு என்று வியந்த நஸ்ரி, அதையே வெட்டித் தாளத்தில் பொருத்தி, பாட்டு முழுக்க ஓடவிட்டான். கணவாயை எல்லாரும் மறந்துவிட்டார்கள். இப்போது கிண்ணியா பஸ் கொண்டக்டர்கூட "ற-ற-றைட்" என்கிறார்.

"அடுத்த பாட்டிலயும் அதே பகிடி வேணுமாம். இல்லாட்டி வேற ஆளப் பாக்கிறாங்களாம், பாட்டுக்குக் காசு போடுற கொழும்புக் கம்பனிக்காரங்க," என்றான் நஸ்ரி. "பள்ளிக்கூடத்தில என்ன சொல்றாங்க புள்ள?"

வழக்கம்போலத் தாய்தான் பதில் சொன்னார். "எல்லாப் பிள்ளையளும் இவளை மாதிரித்தான் கதைக்கினம் தம்பி. முந்தி பின்வாங்கில தனிய இருந்தவள். இப்ப இவளுக்குப் பக்கத்தில இருக்கச் சண்டை."

"பிறகென்ன? சொல்லு புள்ள."

நிரோஜினி மூச்சை இழுத்தாள். "தொடங்கட்டா நானா?"

"அது இல்ல. அண்டைக்குச் சொன்ன மாதிரி."

"தொடங்கட்டா நானா?"

கமலேஸ்வரி கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

நஸ்ரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிளேன்ரீ குடிக்கச் சொன்னான். லைற்றை நூர்த்து இருட்டாக்கிப் பார்த்தான். துள்ளிக்கொண்டு சொல்லச் சொன்னான். ஒவ்வொரு முறையும் சொல் வழுக்கிக்கொண்டுதான் வந்தது.

"என்னோட கோவமா புள்ள?"

"கோவமில்லை நானா. எனக்கு வருகுதில்லை. நான் என்ன செய்யிறது?" நிரோஜினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நஸ்ரிக்கு எரிச்சல். இவ்வளவு நாள் பாடுபட்டுப் பிடித்த வாய்ப்பு கைநழுவிப் போகிறதே. ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டான்.

"சரிவராது அக்கா. கூட்டிட்டுப் போங்க."

திரும்பினால், கமலேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். நஸ்ரிக்கு ஒருமாதிரிப் போய்விட்டது.

"அழாதீங்க அக்கா. வேற பாட்டு ஒண்டு பாப்பம்."

"பாட்டுக்கு ஆர் தம்பி அழுதது? அண்டைக்கு அவள் பகிடி விடேல்லை. கதைக்கத் தொடங்கின காலத்திலயிருந்து அவளுக்குத் திக்குவாய். இண்டைக்குத்தான் திக்காமல் வருகுது." கமலேஸ்வரி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற மகளைக் காட்டினார். "இன்னொருக்கா அவளைச் சொல்லச் சொல்லுங்கோ."