இளவரசிக்குக் குரல் கொடுப்பவள்

ஒலிப்பதிவு அறையின் மங்கிய வெளிச்சத்தில், ஹெட்போனை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்தபடி நிற்கிறாள், இளவரசிக்குக் குரல் கொடுப்பவள். திரையில் கார்ட்டூன் இளவரசி முள்காட்டைக் கடந்து, பனிக்கட்டி மிதக்கும் ஆற்றில் நீந்தி, காவல் பூதத்தை ஏமாற்றி, சிறைப்பட்ட தாயின் கதவைத் தள்ளித் திறக்கிறாள். "அம்மா, நான் வந்துட்டேன்." குரல் பாதியில் உடைகிறது. போன வாரம் இவள் விழுந்தடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அம்மாவின் முகத்தை மூடிவிட்டிருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டைரக்டர் மெதுவாகச் சொல்கிறார். "கொஞ்சம் சந்தோஷமா சொல்லும்மா. அவதான் ஜெயிச்சுட்டாளே." ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, சிரித்த முகமாகவே சொல்லி முடிக்கிறாள். திரையில் தாய் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்கிறாள். அந்தக் குரலை இன்னும் பதிவு செய்யவில்லை. உதடுகள் மட்டும் அசைகின்றன. இவள் ஹெட்போனைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டே நிற்கிறாள்.