ஃபிரேமுக்குள் நான்கு விரல்கள்

சின்ன பைக்கின் ஃபிரேமுக்குள் பெரிய பைக்கின் ஒற்றை சிலிண்டர் எஞ்சின் ஒருவழியாக உட்கார்ந்துவிட்டது. கூடவே மெக்கானிக்கின் இடக்கை விரல்கள் நான்கும் மாட்டிக்கொண்டன. அடியில் போல்ட் துளை நேர்படுகிறதா என்று கண்ணால் பார்க்காமல் விரலால் தடவிப் பார்ப்பது அவன் வழக்கம்; எடுப்பதற்குள் மச்சினன் ரப்பர் சுத்தியலால் தட்டி இறக்கிவிட்டான். இப்போது கடப்பாரையால் நெம்புகிறான். எஞ்சின் இன்னும் இறுகுகிறது. கூரைத் தகரத்தின் ஓட்டை வழியே விழும் வெயிலில் நகங்கள் நீலம் பாய்ந்து தெரிகின்றன. கறுப்பு கிரீஸோடு ரத்தம் சொட்டுகிறது. "எங்கக்காகூட உங்கள இப்படிப் புடிச்சதில்ல மாமா," என்கிறான் மச்சினன். அந்த அக்கா இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடோடு வந்து குத்தவைக்கிறாள்.

"ஃபிரேம அறுத்துரலாம்."

"வேணாம். மூணு மாசமா வெட்டி ஒட்டினது. இன்னொரு தடவ நெம்பட்டும்."

"வெரலு கறுக்குது. அதையும் வெல்டு வச்சு ஒட்டுவீங்களா?"

ஃபிரேமின் முன்பக்கக் குழாயில் அவள் பிளேடை வைத்து இழுக்கிறாள். புதுச் சிவப்பு பெயிண்ட் தூளாக அவன் மணிக்கட்டில் உதிர்கிறது. அவன் கண்ணை மூடிக்கொள்கிறான்.

"கொஞ்சம் கீழ," என்கிறான். "என் வெல்டுல படாம அறு."