இமைக்காத பிள்ளைக்குப் பரிசு

பள்ளி ஆண்டு விழாவில் கவனத்துக்கான முதல் பரிசு ரெனிட்டாவுக்காம். வகுப்பறைக் கேமரா கணக்குப்படி, கண் இமைக்காமல் பாடம் கேட்டவள் அவள்தானாம்.

“அது கவனமில்ல மேடம், வலிப்பு! கண்ணு அப்படியே நிலைகுத்திரும். கவனம் வரணும்னு நீங்க கையில மருந்துப் பட்டை ஒட்ட ஆரம்பிச்சப்புறம்தான் அடிக்கடி வருது. அதனாலயான்னு டாக்டர் பாக்கட்டும், அதுவரைக்கும் ஒட்டாதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன்?” தாய் ஜெசிந்தா கொதித்தாள்.

“முதலாவதா வர்ற பிள்ளைக்கு எதுக்குங்க டாக்டர்?” என்றார் தலைமையாசிரியை.

மேடையில் கோப்பையை நீட்டினார்கள். ரெனிட்டா வாங்கவில்லை. விளக்கையே வெறித்தாள், உதடு மட்டும் துடித்தது. பின்னாலிருந்த திரையில் ‘கவனம்: நூறு’ என்று மின்னியது.

அரங்கமே எழுந்து கைதட்டியது.

ஜெசிந்தா நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். “தட்டுன கையால பிள்ளையப் பிடிங்கடா!”